படகு வண்டிக்குப் பிரேக் வைத்த விவரம்

ஆம்பூர்,
தை மாதம் பதினாலாம் தேதி, புதன்கிழமை.

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை பாண்டியன் அவர்களுக்கு,

மாமனார் வேதாசலம் வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு ரஷீத் அஹமது கையால் எழுதும் கடிதம். இங்கு நானும் தங்கள் அத்தை மீனாம்பாளும் எழுந்து நடமாடி, சாப்பிட்டதைச் செரித்து, ஒருவரை ஒருவர் குறை சொல்லும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். பெங்களூரில் தாங்களும் மகள் சௌமியாவும் பேத்தியும் சளி, காய்ச்சல், ஆபீஸ் தொந்தரவு ஏதுமின்றி இருக்க அம்மன் துணை இருப்பாள். நிற்க.

இந்த 'நிற்க'வை ரஷீத் பாய்தான் போட்டார். தோல் பதனிடுற எங்க ஷாப்புல முப்பது வருஷம் டைம் ஆபீஸ் எழுத்தரா இருந்தவர். இவர் கேட்டுல உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒரு ஆணி வெளியே போனாக்கூட சாயங்காலம் அது திரும்பி வந்துச்சான்னு கேட்டுத்தான் ஆளை வீட்டுக்கு விடுவார். கடுதாசின்னா நிற்க போட்டாத்தான் விஷயம் ஆரம்பிக்கும்னு சொல்றார், சரின்னேன். காகிதத்துல ஒரு வார்த்தை போட்டா எல்லாம் நின்னுடுது. நீங்க வாங்கிவந்து என் வாசல்ல விட்டுட்டுப் போன படகு வண்டியை நிக்க வைக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, மாப்பிள்ளை.

இதைப் போன்லயே சொல்லலாம்தான். சொல்லிப் பார்த்தேன். சௌமியா போனை எடுத்து, "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், சுருக்கமா சொல்லு, பிரேக் வந்துச்சா வரலியா?"ன்னுறா. இதைச் சுருக்கமா எப்படிச் சொல்றது? அதான் கடுதாசி. ரஷீத் பாய் நாளைக்குப் பெங்களூர்ல தன் மக அம்பரீன் வீட்டுக்கு ரயிலேறுறார், உங்க கையிலயே குடுத்துடுவார். எனக்குக் கையெழுத்துகூட வராது, பெருவிரல்தான், ஆனா எதையும் மறந்தவன் இல்லை. எழுதத் தெரிஞ்சவங்க எழுதி வச்சுட்டு நிம்மதியா மறந்துடுறாங்க, எனக்கு அந்த வசதி இல்லை. கார்த்திகை மூணாவது ஞாயிறு, காலையில பத்தே காலுக்கு நீங்க பச்சைக் கோடு போட்ட சட்டையோட காரை விட்டு இறங்கி, பின்னாடி மாட்டியிருந்த படகைக் காட்டி, "மாமா, அபார்ட்மென்ட்ல நிறுத்த விடமாட்டேங்கிறாங்க, தை மாசம் காவேரிப்பாக்கம் ஏரி நிறைஞ்சிருக்கும்போது வந்து எடுத்துக்குறேன்"னீங்க. நான், "இந்த வண்டிக்குப் பிரேக் எங்கே மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "சின்னப் படகு மாமா, கார் பிரேக்கே போதும்"னு சொல்லிட்டு ரெண்டாவது இட்லிக்குச் சட்னி கேட்டீங்க. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு நானும் சட்னியை நகர்த்தி வச்சேன்.

நீங்க போனதும் தெருவே வந்து பார்த்துச்சு. பாலாத்துல மணல்கூட மிச்சமில்லாத ஊருக்குப் பாய்மரப் படகு எதுக்குன்னு கேட்காதவன் பாக்கி இல்லை. அதுக்கெல்லாம் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதுகூடப் பரவாயில்லை. பத்து நாள்ல டிரெய்லர் டயர் ரெண்டுலயும் காத்து இறங்கிடுச்சு. எதிர்வீட்டு அப்துல் ஹமீத், என் தோஸ்து, நாப்பது வருஷம் லாரி ஓட்டினவன், "வா வேதா, என் ஜீப்புல மாட்டி பாலத்துக்கு அந்தப்பக்கம் பஞ்சர் கடைக்குப் போய் வந்துடலாம்"னான். போகும்போது ஒண்ணும் இல்லை. காத்து பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வரும்போது ரயில்வே மேம்பாலத்துல ஏறி இறங்குறோம், முன்னாடி ஒரு லாரி நின்னுடுச்சு, ஹமீத் பிரேக்கை மிதிக்கிறான், ஜீப்பு நிக்கப் பாக்குது, பின்னாடி படகு நிக்க மாட்டேங்குது. கல்யாண வீட்டுல பந்திக்கு முந்துறவன் மாதிரி முதுகுல கை வச்சுத் தள்ளுது. "இன்னா வேதா, யாரோ தள்ளுறாங்க!"ன்னான். "உன் பின்னாடி வர்றதுதான் தள்ளுது, மிதிய்யா!"ன்னேன். மிதிச்ச மிதியில அவன் செருப்பு வார் அறுந்துச்சு, வண்டி நிக்கலை. லாரிக்குப் பின்னால போய் முட்டினோம். ஆளுக்கு ஒண்ணும் ஆகலை, ஜீப்புக்கும் மூக்கு மட்டும்தான். ஆனா அது உப்புத் தோல் லோடு. முட்டின அதிர்ச்சியில கயிறு அறுந்து, உப்பு போட்ட பச்சைத் தோல் ஒரு கட்டு ஜீப்பு மேல உருண்டு பின்னாடி வந்து நேரா உங்க படகுல விழுந்துச்சு. நாங்க எறங்கிப் பாக்குறதுக்குள்ள பாய்த்துணி உறையெல்லாம் ஊறிப்போச்சு. நாப்பது வருஷம் தோல் நாத்தத்துலயே இருந்தவன் நான், என்னாலயே தாங்க முடியலைன்னா பார்த்துக்குங்க.

அன்னைக்குத்தான் போன்ல சொன்னேன், பிரேக் வைக்காம அந்த வண்டிக்கு நான் கேட்டைத் திறக்க மாட்டேன்னு. நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. "மாமா, ஏரியில தண்ணி மாசிக்குள்ள இறங்கிடும், இந்த வருஷம் விட்டா படகை விக்க வேண்டியதுதான், பாப்பாகிட்ட இன்னா பதில் சொல்றது?"ன்னீங்க. நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. சௌமியாவுக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ரஷீத் பாய், இதை எழுத வேணாம், மாப்பிள்ளைகிட்ட வாயால சொல்லிடுங்க. எழுதுறார். சரி, எழுதட்டும், எனக்குத் திருப்பிச் சொல்லத் தெம்பில்லை.

தோல் ஷாப்புல டிரம் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னால நான் மாட்டு வண்டி ஓட்டினவன். வண்டிச் சக்கரத்துல உரசி நிறுத்துறதுக்கு ஒரு மரக்கட்டை இருக்கும், கயித்தை இழுத்தா அழுத்திக்கும். கீச்சு கீச்சுன்னு சத்தம் போடுதேன்னு அந்த வாரம் அதைக் கழட்டி வீட்டுல வச்சிருந்தேன். புரட்டாசி, வெள்ளிக்கிழமை, இருபத்தி மூணு கட்டுத் தோல் லோடு. மேல உங்க அத்தை உட்கார்ந்திருந்தா, வயித்துல சௌமியா ஆறு மாசம், ஆஸ்பத்திரியில காட்டிட்டு வரலாம்னு ஏறினவ. ஆத்துக்கு இறங்குற சரிவுல அவ "மெல்ல, மெல்ல"ன்னா. நான், "எனக்குத் தெரியாதா?"ன்னேன். லோடு மாட்டைத் தள்ளுச்சு, மாடு ஓடுச்சு, அவ விழுந்தா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை, அது அம்மன் புண்ணியம். இவளோட இடது கால்தான் கணுக்கால்ல போச்சு. சௌமியா கேட்டா பிறவியிலேயே அப்படின்னு சொல்லி வச்சிருக்கா. முப்பத்தஞ்சு வருஷமா தெனமும் என் முன்னாடி அந்தக் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடக்குறா, ஒரு தடவைகூட அந்த நாளைப் பத்தி வாயைத் திறந்ததில்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இப்போ அதே பொண்ணும், அவ வயித்துல பொறந்ததும் ஏறப்போற கார்ல பிரேக் இல்லாத லோடை மாட்டுன்னா நான் எப்படி மாட்டுவேன், மாப்பிள்ளை?

அதனால முனீர் அகமது பட்டறைக்குப் போனேன். செருப்புக் கம்பெனி மிஷினெல்லாம் ரிப்பேர் பண்றவன், கைராசிக்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. போன்ல எதையோ பார்த்துட்டு விளக்கினான். கார் நிக்கும்போது டிரெய்லர் முன்னாடி வந்து முட்டுது இல்லையா, அந்த முட்டுற வேகத்தையே வச்சு டிரெய்லர் சக்கரத்துக்குப் பிரேக் போட வைக்கலாமாம். கொக்கிக்குப் பின்னாடி ஒரு ராடு உள்ளே போய் வெளியே வரும். உள்ளே போனா கேபிளை இழுக்கும், சக்கரம் நிக்கும். தள்ளுறவனோட பலத்தை வச்சே அவனை நிறுத்துறது. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஷேர் ஆட்டோவோட பின் சக்கரம் ரெண்டு வாங்கி, வெல்டிங் வச்சு, பதினோரு நாள்ல மாட்டிட்டான். மாட்டின பிறகு சொல்றான், "பெரியவரே, இந்த சைஸுக்கு, உள்ளே உரசி நிறுத்துற லைனிங் கிடைக்கல, அதனால நானே தோல் வச்சிட்டேன்."

"இன்னா வச்சே?"

"சோல் லெதர், எருமைத் தோல், அஞ்சு மில்லி கனம். கம்பெனி பசை போட்டு ஒட்டியிருக்கேன், பிச்சாலும் வராது."

"தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் டிரம்ல தோல் ஊற வச்சவன். தோலு தண்ணி குடிச்சா ஊதிக்கும்."

"அட, சக்கரத்துக்குள்ள தண்ணி எங்கேர்ந்து வரப்போகுது?"

"இது படகு வண்டி, தம்பி."

அவன் குனிஞ்சு டயரைத் தட்டிப் பார்த்தான். ஆனாலும் இந்த ஊர்ல ஒரு பழக்கம் இருக்குதே, எது உடைஞ்சாலும் எது தேய்ஞ்சாலும் தோல்ல ஒரு துண்டு வெட்டி வச்சாச் சரியாயிடும்னு. கதவு இடிச்சா தோல், குழாய் ஒழுகினா தோல், மேஜை ஆடினா தோல். "ஓட்டிப் பாருங்க பெரியவரே, அப்புறம் பேசுங்க"ன்னான். ஓட்டினோம். நின்னுச்சு, பொய் சொல்லக்கூடாது, நல்லாவே நின்னுச்சு. ஆனா நிக்கும்போதெல்லாம் சக்கரத்துலேர்ந்து புகை, கருகின தோல் வாசனை. படகுலயோ ஏற்கனவே உப்புத் தோல் நாத்தம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க தெரு வரைக்கும் நாய் கூடவே வருது. ஜீப்பு பின்சீட்டுல உட்கார்ந்து எண்ணிக்கிட்டே வந்தேன், ஏழு. அதுல ரெண்டு இன்னும் எங்க வாசல்லதான் படுத்திருக்குது.

அந்த நாத்தம் போகணும்னு உங்க அத்தையும் ஹமீத் சம்சாரம் அக்தரி பேகமும் சேர்ந்து படகைக் கழுவுறதுன்னு முடிவு பண்ணாங்க. என்கிட்ட கேட்கலை. வாசல்ல இடம் பத்தலைன்னு ஜீப்பால படகைத் தெருவுல பாதி இழுத்து விட்டு, சீயக்காய், எலுமிச்சம்பழம், வினிகர் எல்லாம் போட்டு, பதினெட்டுக் குடம் தண்ணி ஊத்திக் கழுவினாங்க. நாத்தம் கம்மியாச்சு. மறுநாள் காலையில வண்டியை உள்ளே இழுக்கப் பார்த்தா சக்கரம் சுத்த மாட்டேங்குது. நான் சொன்னதுதான். தோலு விடிய விடியத் தண்ணி குடிச்சு, பொங்கல் வடை மாதிரி ஊதி, சக்கரத்தை உள்ளேர்ந்து கவ்விக்கிச்சு. ஜீப்பு இழுத்தா வண்டி உழுதுக்கிட்டு வருதே தவிர உருள மாட்டேங்குது. ஏழரை மணிக்குக் குடிதண்ணி லாரி வந்துச்சு, உள்ளே நுழைய வழியில்லை, ஹார்ன் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிடுச்சு. கடைசி வீட்டு மரியம்மாள் காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னா. "ஏன்யா வேதாசலம், ஊர்ல படகு தண்ணியில போகும், தெருவுக்கு வர்ற தண்ணியை நிறுத்துற படகை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்"னா. தெருவே சிரிச்சுச்சு. ரெண்டு நாள், மாப்பிள்ளை. வெயில்ல தோல் காய்ஞ்சு விடுற வரைக்கும் ரெண்டு நாள் நானும் ஹமீதும் தெருமுனையிலேர்ந்து குடம் தூக்கி வீட்டுக்கு வீடு ஊத்தினோம். எனக்கு எழுபத்தி நாலு வயசு. இதுவும் உங்க படகுக் கணக்குலதான் சேரும்.

அப்புறம் முனீருக்கே வெக்கமாப் போய், ராணிப்பேட்டை வரைக்கும் போய் நிஜ லைனிங் வாங்கிவந்து மாட்டினான். முந்தாநாள் திங்கக்கிழமை, இதுக்கு மேல நீங்க வந்து பார்த்து எதுனா ஒண்ணு ஆச்சுன்னா வேணாம், நாமே ஒரு தடவை காவேரிப்பாக்கம் போய் ஏரியில இறக்கி ஏத்திப் பார்த்துடலாம்னு நானும் ஹமீதும் கிளம்பினோம். முனீருக்குச் சொந்தத்துல கல்யாணம், வரலை. உங்க அத்தை புடவை மாத்திக்கிட்டு வந்து ஜீப்புல ஏறிட்டா. "நீ எதுக்கு?"ன்னேன். "என் பொண்ணு போகப்போற வழி, நான் பார்க்கணும்"னா. ஏறினவ சும்மா வந்தாளா? போகும்போது பள்ளிகொண்டா தாண்டுறதுக்குள்ளயே "மெல்ல, மெல்ல"ன்னு ஆரம்பிச்சுட்டா. ஹமீத் தோள்ல கையை வச்சவ எடுக்கவே இல்லை. டோல்கேட்டுல படகு எந்த வண்டியில சேரும்னு அவங்களுக்குள்ள பேசி முடிக்கவே அரை மணி நேரம். ரெண்டு மணி நேர வழிக்கு நாலு மணி நேரம் ஆச்சு.

ஏரி நிறைஞ்சு கடல் மாதிரி இருக்குது, அதைச் சொல்லியே ஆகணும். டிராக்டர் இறங்குற சரிவுல ஜீப்பைப் பின்னாடி எடுத்து டிரெய்லரைத் தண்ணியில விடணும். ஹமீத் ரிவர்ஸ் எடுக்குறான், டிரெய்லர் போக மாட்டேங்குது. தோலும் இல்லை, தண்ணியும் படலை, ஆனா சக்கரம் இறுகிக்குது. முனீருக்குப் போன் போட்டா பின்னாடி மேளச் சத்தம். "பெரியவரே, கார் நின்னாலும் ராடு உள்ளே போகும், ரிவர்ஸ்ல தள்ளினாலும் உள்ளே போகும். எது நிறுத்துறது, எது பின்னாடி போறதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? ராடு உள்ளே போகாதபடி சந்துல ஒரு கட்டையைச் செருகுங்க, பிரேக் பிடிக்காது, தண்ணியில இறங்கிடும்." இதை அவன் முன்னாடியே சொல்லியிருக்கலாம். கரையில கொய்யாப்பழம் விக்கிறவர்கிட்ட கத்தி வாங்கி, கருவேலங்குச்சி ஒண்ணை ஒரு சாணுக்குச் சீவி, நானே என் கையால செருகினேன். வண்டி வெண்ணெய் மாதிரி தண்ணிக்குள்ள இறங்குச்சு. படகு தானா எழும்பி மிதந்துச்சு. கயித்தை நான்தான் பிடிச்சிருந்தேன், காத்தடிச்சா புதுக் காளை மாதிரி இழுக்குது. உங்க அத்தை கரையில உட்கார்ந்து காலை நீட்டிக்கிட்டு பார்த்துக்கிட்டே இருந்தா, "பாப்பாவுக்குப் பிடிக்கும்"னா. அவ்வளவுதான் சொன்னா. மறுபடி ஏத்தி, கட்டி, புளிச்சோறு சாப்பிட்டு, மூணு மணிக்குத் திரும்பினோம்.

திரும்பி வந்த வழியைப் பத்தி ஒரு வார்த்தை. வேலூர்ப் பக்கம் மேம்பாலம் மேம்பாலமா ஏறி இறங்கினோம், ஒரு இடத்துலகூடப் பின்னாடி தள்ளலை. பூனை மாதிரி சத்தமில்லாம வந்துச்சு. வழியெல்லாம் ஹமீத், "மாஷா அல்லாஹ், முனீர் பிரேக்குன்னா பிரேக்குதான்யா"ன்னுக்கிட்டே வந்தான். நானும் ஆமான்னேன். உங்க அத்தைதான் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னாடியே "மெல்ல, மெல்ல"ன்னு அவன் தோளை அழுத்தி அழுத்தி, அவன் பேஜாராகி இருபது கிலோமீட்டர் வேகத்துலயே உருட்டிக்கிட்டு வந்தான். பின்னாடி வந்த பஸ்காரனெல்லாம் தலையை நீட்டித் திட்டினான். "அதான் பிரேக் வச்சாச்சே, சும்மா வாயேன்"னு நானும் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நான் சொல்ல வந்தது, வண்டி சரியாயிடுச்சு. என் பொறுப்பு முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை தாராளமா வாங்க, சௌமியாவையும் பாப்பாவையும் ஏத்திக்குங்க, நானே கேட்டைத் திறந்து விடுறேன். பிரேக்குக்கு நான் ஜவாப்தாரி. இனிமே கப்பல், விமானம் எதுனா வாங்கினா தயவுசெய்து வேற யார் வாசல்லயாவது நிறுத்துங்க, என் உடம்புல தெம்பில்லை. பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கு ஆசி. தங்களுக்கு என் வணக்கமும் அன்பும். குலதெய்வம் உங்க மூணு பேரையும் முன்னும் பின்னும் நின்னு காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
வேதாசலம் (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: ரேகை வச்சு முடிச்ச பிறகு ரஷீத் பாய் கடுதாசியை முதல்லேர்ந்து படிச்சுக் காட்டினார். ஏரிக்கரை இடம் வந்ததும் கண்ணாடியைக் கழட்டிட்டு, கேட்டுல கேட்குற அதே குரல்ல, "வேதாசலம், அந்தக் கட்டை திரும்பி வந்துச்சா?"ன்னார். சட்டைப் பையில இருக்குதுன்னேன். தடவிப் பார்த்தேன், இல்லை. திங்கக்கிழமை போட்ட சட்டையைத் தேடிப் பார்த்தேன், இல்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ராடு சந்துல செருகினது செருகினபடியே இருக்குது. ஆக, காவேரிப்பாக்கத்துலேர்ந்து ஆம்பூர் வரைக்கும் அந்த வண்டிக்குப் பிரேக்கே இல்லை. எதையும் மறக்காதவன்னு மேலே எழுதியிருக்கே, அதை அடிச்சுடுங்கன்னேன், எழுதினதை அடிக்கிற பழக்கம் இல்லைன்னுட்டார்.

கட்டையைப் பிடுங்கித் துணியில சுத்தி இந்தக் கடுதாசியோடவே அனுப்பியிருக்கேன். அது உங்க கையில இருக்குதுன்னா பிரேக் வண்டியில இருக்குதுன்னு அர்த்தம். நாளைக்கே ஹமீதும் முனீரும் நானும் ஜீப்பை எடுத்துப்போய் எல்லா மேம்பாலமும் மறுபடி இறங்கிப் பார்த்துடுறோம். பார்த்துட்டுப் போன் பண்றேன், அதுக்கு முன்னால கிளம்பாதீங்க, இதைச் சுருக்கமாத்தான் சொல்லியிருக்கேன்.

விஷயத்தைப் போய் உங்க அத்தைகிட்ட சொன்னேன். அரிசியில கல் பொறுக்கிக்கிட்டு இருந்தா. நிமிரலை. "அன்னைக்கும் மெல்லன்னுதான் சொன்னேன்"னா. முப்பத்தஞ்சு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அப்புறம் முறத்துல எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினா, உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்ல முன்சீட்டு உங்க அத்தைக்கு. சௌமியா பின்னாடி உட்காரட்டும். இவ உங்க தோள்ல கை வச்சா, நீங்க மெல்லப் போங்க.